ஆழ்துளைக் கிணறு போடும் ஒப்பந்ததாரருக்குத் துளை போடுவது மட்டும்தானா வேலை?

நீங்கள் கேட்டது இதுதான்: "இயந்திரவியல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். உறவினர் ஒருவரோடு சேர்ந்து ரிக் வண்டி வாங்கி போர்வெல் ஒப்பந்தம் எடுக்கலாம் என்று யோசனை. இந்தத் தொழிலில் அன்றாடம் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? மெஷினை ஓட்டத் தெரிந்தால் போதுமா, வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?"

மெஷினை ஓட்ட ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் துளை போட்டு முடித்தால் வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். உங்களைக் கூப்பிடுகிறவர் கேட்பது கிணறு. ஆழத்தில் இருக்கும் நல்ல தண்ணீர் உள்ளே வர வேண்டும், மேலே இருக்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கக்கூடாது, பக்கச்சுவர் சரியக்கூடாது, மோட்டார் தட்டாமல் இறங்கி ஏற வேண்டும். இத்தனையும் இருந்தால்தான் அது கிணறு. இதையெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் கட்டுகிறோம். மோட்டாரை இறக்கி மூடி போட்ட பிறகு நீங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. இந்தத் தொழிலில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கீழே சொல்வதெல்லாம் இதை ஒட்டியே வரும்.

வேலை, ரிக் வண்டி கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். முதலில் அக்கம்பக்கத்துக் கிணறுகளைப் பற்றி விசாரியுங்கள். எத்தனை அடி, கேசிங் (மேல்மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் குழாய்) எத்தனை அடி வரை போனது, எந்த ஆழத்தில் ஊற்று வந்தது, தண்ணீர் உப்பா, கோடையில் வற்றுகிறதா என்று கேளுங்கள். எந்தக் கருவியும் தராத தகவல் இதில் கிடைக்கும். அப்புறம் தலைக்கு மேல் பாருங்கள். மின்கம்பி எங்கே போகிறது, மாஸ்ட் (ரிக்கின் உயரமான கம்பம்) நிமிர்ந்தால் அதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும்? தரையைப் பாருங்கள். இவ்வளவு எடையுள்ள வண்டி ஏறினால் மண் தாங்குமா, அடியில் குழாயோ கேபிளோ போகிறதா, துளையிலிருந்து வரும் சேறு எங்கே ஓடும், கழிவுநீர்த் தொட்டி எந்தப் பக்கம்? கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில்தான் போட வேண்டும் என்று உரிமையாளர் அடம்பிடித்தால் வேலையை விட்டுவிடுங்கள்.

பாயிண்ட் பார்ப்பது, அதாவது எங்கே துளைத்தால் தண்ணீர் வரும் என்று கண்டறிவது பற்றியும் உங்களிடம் கேட்பார்கள். மின்தடை ஆய்வில் தரையில் நான்கு கம்பிகளை நட்டு, வெளி இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். கம்பிகளுக்கு இடையே தூரத்தைக் கூட்டக் கூட்ட ஆழமான அடுக்குகளின் மின்தடை தெரியவரும். உண்மையிலேயே பயனுள்ள முறை இது. ஆனால் மின்தடை குறைந்தால் அது நீர் நிறைந்த வெடிப்புப் பாறையாக இருக்கலாம், வெறும் களிமண்ணாக இருக்கலாம், உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். அருகில் போட்ட கிணற்றின் விவரத்தோடு ஒப்பிட்டால்தான் எண்களுக்கு அர்த்தம் வரும். தண்ணீர் பார்க்கிறேன் என்று குச்சியைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல நிலங்களில் எங்கே துளைத்தாலும் ஏதோ ஓர் ஆழத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அந்தப் பெருமையைக் குச்சி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். அடிக்கு எவ்வளவு, எத்தனை அடிக்கு மேல் விலை மாறும், கேசிங் தனிக்கணக்கா, எங்கே நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்வது, தண்ணீர் வராவிட்டால் என்ன, துளையை மூடுவது யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். தண்ணீர் வரும் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. ஆழத்தை உரிமையாளர் முன்னிலையில் ராடு (ஒன்றோடு ஒன்று மாட்டித் துளைக்குள் இறக்கும் இரும்புத் தண்டு) எண்ணிக் காட்டுங்கள். 20 அடி ராடு 15 இறங்கியிருந்தால் 300 அடி என்பது எந்தப் படிப்பும் இல்லாதவருக்கும் புரியும். தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, துளைக்கும் முறைக்கு வருவோம். கடினப் பாறை என்றால் டிடிஎச் ஹேமர், அதாவது துளைக்குள்ளேயே இறங்கி அடிக்கும் சுத்தியல். ராடின் நுனியில் இருக்கும் ஹேமர் கம்ப்ரசர் காற்றால் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைப் பிட்டின் (பாறையை நொறுக்கும் முனை) மேல் போடுகிறது. ராடு மெதுவாகச் சுழல்வதால் பிட்டில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைடு பொத்தான்கள் ஒவ்வோர் அடிக்கும் புது இடத்தில் விழுகின்றன. நொறுங்கிய தூளை அதே காற்று மேலே தள்ளிவிடுகிறது. மணலும் களியும் நிறைந்த மண்ணில் இது எடுபடாது. துளை உடனே சரிந்துவிடும். அங்கே பெண்டோனைட் களிமண் கலந்த கூழை ராடு வழியாகச் சுற்றவிட்டுத் துளைக்க வேண்டும். அந்தக் கூழ் சுவரில் படலமாக ஒட்டி, தன் எடையால் துளையைத் தாங்கிப் பிடிக்கும். கனமான உளியைக் கம்பிவடத்தில் தூக்கித் தூக்கிப் போடும் பழைய முறையும் இருக்கிறது. மெதுவானதுதான், ஆனால் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். சீனாவின் சிகோங்கில் உப்புநீர் எடுக்க, மூங்கில் வடத்தில் உளியைக் கட்டி மனித உழைப்பிலேயே 1835-ல் 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டினார்கள். நிலத்தைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னிடம் இருக்கும் ரிக்கை எல்லா நிலத்திலும் திணிக்கிறவர் முதலில் நஷ்டப்படுத்துவது வாடிக்கையாளரை, அடுத்துத் தன்னை.

இனி, இந்தத் தொழிலின் உயிர் என்று நான் நினைக்கும் இடம். துளை வாயிலிருந்து வெளியேறும் தூளைப் படிக்கத் தெரிவது.

உதவியாள் ஒருவர் சல்லடையோ மண்வெட்டியோ வைத்துக்கொண்டு துளைவாய் அருகில் நிற்பார். பத்து அடிக்கு ஒரு முறை ஒரு பிடி தூளை எடுத்து, கழுவி, தரையில் வரிசையாகக் குவித்து வைப்பார். அந்த வரிசையைப் பாருங்கள். முதலில் மண் நிறம், பிறகு மஞ்சளும் பழுப்புமாகக் கையில் பொடியும் சிதைந்த பாறை, அப்புறம் திடீரென்று சாம்பல் நிறத்தில் கூர்மையான சில்லுகள். அங்கேதான் கெட்டிப் பாறை தொடங்குகிறது. கெட்டிப் பாறையில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு குவியலில் மட்டும் சில சில்லுகளின் ஒரு முகம் துருப்பிடித்தது போலச் செம்பழுப்பாக இருந்தால் அதைத் தனியாக எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். பாறை வெடிப்புக்குள் தண்ணீர் போய்வந்து இரும்புச் சத்தை ஆக்சிஜனேற்றியதன் கறை அது. புதிதாக உடைந்த முகத்தில் இந்த நிறம் வராது. அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உடனே வராவிட்டாலும் அந்த வெடிப்பு பிறகு தரக்கூடும்.

காதும் வேலை செய்ய வேண்டும். நல்ல பாறையில் ஹேமரின் சத்தம் ஒரே சீராக, இறுக்கமாக இருக்கும். வெடிப்பில் பிட் விழும்போது சத்தம் தளர்ந்து, ராடு ஒரு அடி சட்டென்று இறங்கும். சுழற்சி திணறும், அழுத்தமானியின் முள் ஆடும். தூள் புகைபோலப் பறந்துகொண்டிருந்தது நின்று ஈரமாகும். இந்த ஈரம் வரும் நேரம் ஆபத்தான நேரம். தண்ணீர் நிறைய வந்தால் தூளை அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கொஞ்சமாக வந்தால் தூள் பிசைந்த மாவாகி, ராடைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்ளும். காற்று மேலே வர வழி இல்லாமல் போகும். அனுபவமில்லாதவர் "தூள் வரவில்லை, இன்னும் அழுத்து" என்பார். அதோடு ஹேமர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தெரிந்தவர் இறங்குவதை உடனே நிறுத்தி, ராடைச் சற்றுத் தூக்கி, காற்றோடு தண்ணீரும் நுரைத் திரவமும் சேர்த்து அனுப்பி, துளையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த அடி போவார்.

கொஞ்சம் கணக்கும் தெரிய வேண்டும், பெரிய கணக்கு இல்லை. 10 மீட்டர் தண்ணீர் நின்றால் அதன் அடியில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம், அதாவது 14.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). ஹேமருக்கு மேலே 300 அடி தண்ணீர் நின்றால் சுமார் 130 பிஎஸ்ஐ எதிர் அழுத்தம். உங்கள் கம்ப்ரசர் 350 பிஎஸ்ஐ என்றால் ஹேமருக்கு மிஞ்சுவது 220 தான். 200 பிஎஸ்ஐ கம்ப்ரசராக இருந்தால் ஹேமர் தட்டுத் தடுமாறும். தூளைத் தூக்கக் காற்று நொடிக்குக் குறைந்தது 15 மீட்டர் வேகத்திலாவது மேலே வர வேண்டும். 165 மில்லிமீட்டர் துளையில் 114 மில்லிமீட்டர் ராடு போனால் இடைவெளியின் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள், நிமிடத்துக்குச் சுமார் 10 கன மீட்டர் காற்று வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் காற்றும் கூட வேண்டும். உங்கள் டிப்ளமோ படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும் இடம் இது.

துளையைப் பெரிதாகப் போட்டால் தண்ணீரும் அதே அளவு கூடும் என்று வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது பொதுவாகப் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான். தண்ணீர் வெகு தூரத்திலிருந்து வடிந்து வருகிறது. கடைசிச் சில அங்குலங்கள் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. மோட்டார் தாராளமாக இறங்கும் அளவு இருந்தால் போதும் என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

இப்போது கேசிங். ஆரம்ப காலத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். 40 அடியில் பிட் கடினமாகத் தட்டியது, சாம்பல் சில்லு வந்தது. பாறை வந்துவிட்டது என்று கேசிங்கை அங்கேயே உட்கார வைத்துவிட்டுக் கீழே போனேன். அது தனியாகக் கிடந்த ஒரு பெரிய உருண்டைக் கல். அதற்கு அடியில் இன்னும் பதினைந்து அடி சிதைந்த பாறை இருந்தது. வேகமாக இறங்கியபோது நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்று மாதத்தில் சுவர் சரிந்து சேறு இறங்கி, மோட்டார் மேலே வராமல் மாட்டிக்கொண்டது. அந்தக் குடும்பத்துக்கு வேறு துளை போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து கெட்டிப் பாறை என்று தோன்றினாலும் இன்னும் பத்து அடி துளைத்து, ஒரே மாதிரித் தூள் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேசிங்கை இறக்குகிறேன்.

கேசிங்கை இறக்கியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். குழாய்க்கு வெளியே, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே, அதை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மழைநீர், சாக்கடை, எருக்குழிக் கசிவு எல்லாம் அந்த வழியாக நேராகக் கீழே இறங்கும். சிமெண்ட் கூழோ பெண்டோனைட்டோ போட வேண்டும். சுற்றிலும் இரண்டு அங்குலமாவது இடைவெளி இருந்தால்தான் கூழ் நிறைவாக ஏறும். 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 23 லிட்டர் தண்ணீர். அதற்கு மேல் தண்ணீர் ஊற்றினால் காய்ந்ததும் சுருங்கி வெடிப்பு விடும். மேலிருந்து கொட்டக்கூடாது. சிறிய குழாய் ஒன்றை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே குழாயைத் தூக்க வேண்டும். பிவிசி கேசிங் என்றால் சிமெண்ட் இறுகும்போது கிளம்பும் சூட்டில் குழாய் இளகி நசுங்கக்கூடும் என்பதால் உள்ளே தண்ணீர் நிரப்பி வைப்பது நல்லது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 5-ஆம் எண் கிணறு 1978-ல் போடப்பட்டது. கேசிங் 5 மீட்டர் வரை மட்டுமே. தண்ணீர் வந்ததோ 5.5 மீட்டரிலிருந்து 7.4 மீட்டருக்குள். அருகில் ஒரு பண்ணை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மாட்டு எருவிலிருந்த ஈகோலை கிருமி கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் கலப்பதையும் சோதிப்பதையும் பணியாளர்கள் சரியாகச் செய்யவில்லை. ஏழு பேர் இறந்தார்கள், 2,300 பேர் வரை நோயுற்றார்கள். குளோரின் ஒழுங்காகப் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அழுக்குத் தண்ணீர் உள்ளே வர வழி வைத்தது ஆழமில்லாத அந்தக் கிணறு.

இன்னொரு சம்பவம் தண்ணீர்க் கிணறு சம்பந்தப்பட்டது இல்லை, ஆனாலும் ஒவ்வொரு துளைப்பாளரும் அறிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஷ்டௌஃபன் நகரில் 2007-ல் நகர மன்றக் கட்டடத்தைப் புவிவெப்பத்தால் சூடேற்ற 140 மீட்டர் ஆழம் வரை துளைகள் போட்டார்கள். சரியாக அடைபடாத துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி அன்ஹைட்ரைட் என்ற உலர் கனிம அடுக்கைத் தொட்டது. அன்ஹைட்ரைட் தண்ணீரைக் குடித்து ஜிப்சமாக மாறும்போது பருத்துவிடும். நகரமே மெல்ல மெல்ல மேலே எழும்பி, 200-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. ஓர் அடுக்கின் தண்ணீர் இன்னோர் அடுக்குக்குப் போக வழி திறந்துவிட்டால் விளைவு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் துளைப்பாளர் உரிமத்தையே மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே நீரடுக்கில் துளைப்பவருக்கு முதல் வகுப்பு, பல அடுக்குகளைத் தாண்டுபவருக்கு இரண்டாவது, தானாகப் பொங்கி வழியும் நீரைக் கையாள்பவருக்கு மூன்றாவது. காரணம் இதுதான். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன கேட்கிறது என்று தொழில் தொடங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். உரிமம், பதிவு, அனுமதி என்று இடத்துக்கு இடம் மாறும்.

மண் அடுக்கில் போடும் கிணற்றில் இன்னும் நுணுக்கம் உண்டு. நீருள்ள மணல் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும், தண்ணீர் உள்ளே வர வரிவரியாக வெட்டு விட்ட வடிகுழாய் வைக்க வேண்டும். சுற்றிலும் கழுவிய சரளை. சரளையின் பருமன் அங்கிருக்கும் மணலைப் பொறுத்தது. மணலைச் சலித்துப் பார்த்து அதைவிட 4 முதல் 6 மடங்கு பருமனாகத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிதாகப் போட்டால் மணல் உள்ளே வந்து மோட்டாரை அரித்துவிடும், சிறிதாகப் போட்டால் தண்ணீர் வராது. அப்புறம் கிணற்றைத் தெளியவைக்கும் வேலை. காற்றாலோ பிஸ்டன் போன்ற கட்டையாலோ தண்ணீரை முன்னும் பின்னுமாக அசைத்து, சுவரில் ஒட்டிய கூழையும் நுண்மணலையும் வெளியேற்ற வேண்டும். பகல் முழுக்க ஆகலாம். ரிக் சும்மா நிற்கிறதே என்று அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கிணற்றைப் பாழாக்குகிறார்கள்.

தூளின் நிறம் உயிரைக் காப்பாற்றும் இடமும் உண்டு. வங்கதேசத்தில் 1970-கள் முதல், குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தவிர்க்க லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலை. ஆனால் அந்த மணலில் ஆர்செனிக் இருந்தது. 1993-ல்தான் அது அங்கே முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கான மக்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் ஆய்வாளர்கள் கவனித்தது என்னவென்றால், கரும்சாம்பல் மணலில் ஆர்செனிக் அதிகம், செம்பழுப்பு மணலில் பெரும்பாலும் குறைவு. துளைக்கும் ஆளே நிறத்தைப் பார்த்து எந்த அடுக்கில் வடிகுழாய் வைப்பது என்று முடிவு செய்ய முடிந்தது. இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பிவிடக்கூடாது. குடிநீர்க் கிணறு என்றால் ஆய்வகச் சோதனை கட்டாயம் என்று சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஆர்செனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், புளோரைடுக்கு 1.5 மில்லிகிராம். கடினப் பாறைத் தண்ணீரில் புளோரைடு அடிக்கடி தலைகாட்டும். அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை.

தண்ணீர் எவ்வளவு என்று சொல்வதும் உங்கள் பொறுப்பு. 90 பாகை வி-நாட்ச் தட்டு (V வடிவ வெட்டுள்ள தகடு) வைத்து அளந்தால், நீர் 5 சென்டிமீட்டர் உயரம் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 46 லிட்டர். 10 சென்டிமீட்டர் ஓடினால் 92 லிட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், சுமார் 260 லிட்டர். உயரம் இரட்டித்தால் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடும். ஒரு கோடு தப்பாகப் பார்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். அதோடு 165 மில்லிமீட்டர் துளையில் மீட்டருக்கு 21 லிட்டர் தண்ணீர் தேங்கி நிற்கும். 100 மீட்டர் நின்றால் 2,100 லிட்டருக்கு மேல். மோட்டார் போட்டதும் கொட்டுவது இந்தத் தேங்கிய தண்ணீர்தான். அதைப் பார்த்து உரிமையாளரைச் சந்தோஷப்படுத்திவிட்டுக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் தொடர்ந்து இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று எழுதி, அதற்கேற்ற மோட்டாரைச் சொல்லுங்கள். ஊற்றைவிடப் பெரிய மோட்டார் வைத்தால் அது காற்றை உறிஞ்சி எரிந்துபோகும்.

கிளம்பும் முன் கிருமிநீக்கம். தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும்படி கலந்து, ஓர் இரவாவது விட வேண்டும். மேலே சொன்ன 2,100 லிட்டருக்கு, 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 350 கிராம் போதும். மறுநாள் வாசனை போகும்வரை இறைத்து வெளியே விட வேண்டும்.

விபத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. ராடு சிக்குவதும் உடைந்து உள்ளே விழுவதும் யாருக்கும் நடக்கும். பாரிஸில் கிரெனெல் கிணற்றை 1833-ல் தொடங்கிய துளைப்பாளர் முலோ 548 மீட்டரில் தண்ணீரைத் தொட்டது 1841-ல். நடுவில் கருவி உடைந்து உள்ளே விழுந்ததை மீட்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது. உள்ளே விழுந்ததை எடுக்கத் தனிக் கொக்கிகளும் மரைக் கருவிகளும் இருக்கின்றன. அவற்றைவிடப் பயன்படுவது, உள்ளே இறக்கிய ஒவ்வொன்றின் நீளமும் விட்டமும் எழுதி வைத்த நோட்டு. அது இல்லாவிட்டால் எதை எந்த ஆழத்தில் பிடிப்பது என்றே தெரியாது. எடுக்கவே முடியாது என்று தெரிந்தால் விட்டுவிட்டு வேறு துளை போடும் துணிவும் வேண்டும்.

ஆட்களுக்கு நேரும் விபத்துதான் என்னைத் தூங்கவிடாதது. சுழலும் ராடில் சட்டைத் துணியோ துண்டோ சிக்கினால் கையை உருவ நேரம் கிடைக்காது. தொங்கும் துணி எதுவும் இருக்கக்கூடாது. கம்ப்ரசர் ஹோஸ் கழன்றால் சாட்டைபோல வீசி ஆளைக் கொன்றுவிடும். இணைப்புக்கு இணைப்பு பாதுகாப்பு வடம் மாட்டுங்கள். மாஸ்ட் நிமிர்ந்த நிலையில் வண்டியை ஓரடிகூட நகர்த்தாதீர்கள். இவையெல்லாம் உடனே தெரிகிற ஆபத்துகள். தெரியாமல் கொல்வது பாறைத் தூள். அதிலிருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து, பல வருடம் கழித்து மூச்சுவிட முடியாமல் செய்யும். சிலிகோசிஸுக்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது. தண்ணீர் தெளித்துத் தூளை அடக்குங்கள், பொருந்தும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். காதடைப்பானும் கொடுங்கள். உங்கள் உதவியாளுக்கு வயது இருபதாக இருக்கும். அவர் நாற்பதில் எப்படி மூச்சுவிடுவார் என்பது இன்றைக்கு நீங்கள் செய்வதில் இருக்கிறது.

தண்ணீர் வராத துளையைத் திறந்து விட்டுப் போகாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குக்கூட. 1987-ல் டெக்சாஸின் மிட்லண்டில் 18 மாதக் குழந்தை கிணற்றுக் குழாயில் விழுந்து 58 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் மொராக்கோவில் 32 மீட்டர் ஆழத்தில் விழுந்த ஐந்து வயதுச் சிறுவன் நாலு நாள் போராட்டத்துக்குப் பிறகும் பிழைக்கவில்லை. ராடைத் தூக்கியதும் மூடி போட்டு வெல்டிங் செய்துவிடுங்கள். பயன்படாத துளை என்றால் அடியிலிருந்து மேல்வரை நிரப்பி, மேலே சிமெண்டால் அடைத்து, அதைச் செய்து முடித்த பிறகே கணக்கை முடியுங்கள். இந்தச் செலவை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மனிதர்களோடு பேசும் திறமையும் வேண்டும். 400 அடி போய்விட்டது, தூள் பறக்கிறது, உரிமையாளர் கடன் வாங்கிய பணத்தோடு பக்கத்தில் நிற்கிறார், "இன்னும் நூறு அடி போங்கள், வந்துவிடும்" என்கிறார். ஒவ்வோர் அடியும் உங்களுக்கு வருமானம். அந்த நேரத்தில் தூள் வரிசையைக் காட்டி, கடைசி 150 அடியில் ஒரு வெடிப்புகூட இல்லை, இதற்குக் கீழே கிடைக்கும் வாய்ப்பு குறைவு, பணத்தை மிச்சம் பிடித்து வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள். இதைச் சொன்ன வீடுகளிலிருந்துதான் எனக்கு அடுத்த வேலைகள் வந்தன.

மற்றபடி ஹேமருக்கு எண்ணெய் குறையாமல் பார்ப்பது, தேய்ந்த பொத்தான்களைச் சாணை பிடிப்பது, ராடு மரைக்குக் கிரீஸ், டீசல் கணக்கு, சம்பளம், தவணை இதெல்லாம் எந்த இயந்திரத் தொழிலிலும் இருப்பதுதான். உங்கள் படிப்புக்கு அது கஷ்டமாக இருக்காது.

கடன் வாங்கி ரிக் எடுப்பதற்கு முன் நல்ல துளைப்பாளர் ஒருவரிடம் ஒரு வருடம் உதவியாளராகச் சேருங்கள். லீவரைப் பிடிக்க அவசரப்படாதீர்கள், துளைவாய் அருகில் சல்லடையோடு நிற்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை அடியில் என்ன தூள், என்ன நிறம், எங்கே ஈரம், எங்கே ஊற்று, கேசிங் எங்கே உட்கார்ந்தது, எத்தனை மூட்டை சிமெண்ட் போனது. அதில் ஒரு பிரதியைக் கிணற்றுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். இருபது வருடம் கழித்து அந்தக் கிணற்றைப் பழுதுபார்க்க வருகிறவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் இருக்காது.